புழுதியும் பார்வையாளரும்: பழைய வண்டி மண்பந்தயம் குறித்த ஓர் அடுக்காய்வு

1. வரையறை

மண்பந்தயப் பார்வையாளர் என்பவர், தார் போடாத திடலில் மோட்டார் சைக்கிள்கள் ஓடுவதைக் காணக் காலையில் புறப்பட்டு, அவை ஓடியதால் எழுந்த புழுதியைக் கண்டுவிட்டு மாலையில் திரும்புபவர். இவர் மூவகைப்படுவார்: கண்டவர், கண்டதாகச் சொல்பவர், முன்பு சோழவரத்தில் கண்டவர். மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் குறைந்துவருகின்றனர், குரலில் குறையவில்லை.

இவ்வாய்வின் எல்லை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கபெருமாள்கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஓரகடத்தைச் சுற்றியுள்ள நிலம். ஆய்வின் நெறி அருகிலுள்ள வடக்குப்பட்டு அகழாய்விலிருந்து கடன் வாங்கப்பட்டது. காரணம் 5.4இல் விளங்கும்.

2. வரலாறு

மண்மேட்டிலும் சேற்றிலும் மோட்டார் சைக்கிளை விரட்டும் போட்டி 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தொடங்கியது என்பது பொதுக்கருத்து. 1947இல் நெதர்லாந்தின் வாசனாரில் நாடுகளுக்கு இடையிலான முதல் மோட்டோகிராஸ் நடந்தது. போர் ஓய்ந்த இரண்டே ஆண்டில் ஐரோப்பியர் மீண்டும் சேற்றில் இறங்கினர், இம்முறை விருப்பத்தோடு.

தமிழகத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது; பந்தயம் அங்கே குடியேறியது. ஓடுதளம் கெட்டித்தரை. ஆகவே அங்கே ஓடியவர்கள் மண்ணில் ஓடவில்லை. பார்த்தவர்கள்தான் மண்ணில் நின்றார்கள். மண்பந்தய மரபு ஓட்டுநரிடமிருந்தல்ல, பார்வையாளரிடமிருந்தே பிறந்தது என்னும் கொள்கை இதனால் வலுப்பெறுகிறது (டீக்கடை, காலை).

1990இல் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். சோழவரத்துக்காரர்கள் அதை இன்னும் புதுத் தளம் என்றே குறிப்பிடுகின்றனர்.

3. வண்டிகள்

மேலைநாடுகளில் பழைய மண்பந்தய வண்டிகளுக்குத் தனிப் போட்டிகளும் விதிநூல்களும் உண்டு. பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு ஷாக் அப்சார்பர் இருப்பது பழையது. நடுவில் ஒன்றே ஒன்று இருப்பது புதியது. எழுபதுகளின் நடுவில் யமஹா தன் மண்பந்தய வண்டிகளில் ஒற்றை ஷாக்கைக் கொண்டுவந்ததும் உலகம் இரண்டாகப் பிரிந்தது. பழைய வண்டியின் சக்கரம் மேலும் கீழும் சுமார் பத்து சென்டிமீட்டரே அசையும். எஞ்சிய அதிர்வை ஓட்டுபவரின் முழங்காலும் முதுகெலும்பும் பங்கிட்டுக்கொள்ளும்.

இங்கே நிலைமை வேறு. பழைய வண்டிகள் பெரும்பாலும் திடலுக்குள் ஓடுவதில்லை. பார்வையாளர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கின்றன. 1955இல் தொடங்கித் திருவொற்றியூர் அறிந்த புல்லட், மைசூரில் பிறந்த ஜாவாவும் எஸ்டியும், 1983இல் வந்த ராஜ்தூத் 350, 1985இல் வந்த 98 சிசி ஆர்எக்ஸ் 100 ஆகியவற்றை வரிசையாகக் காண விரும்பும் ஆய்வாளர் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. சைடு ஸ்டாண்டு போட்ட இந்த அருங்காட்சியகத்தைக் கடந்துபோய், உள்ளே புதிய வண்டியைப் பார்க்கக் காசு கொடுப்பதே மரபு.

2013 முதல் புல்லட்டின் வம்சம் ஓரகடத்திலேயே பிறக்கிறது. யமஹாவும் வல்லம் வடகாலில் ஆலை வைத்திருக்கிறது. பேரன் பிறக்கும் ஆஸ்பத்திரி வாசலில் தாத்தா கிக்கர் உதைத்துக்கொண்டிருப்பது இந்தத் தொழிற்பேட்டையில் மட்டும் காணக்கூடிய காட்சி.

4. பார்வையாளரின் உட்பிரிவுகள்

4.1 *சோழவரத்தார்.* எந்த வண்டி எந்த வளைவில் திரும்பினாலும், “இதெல்லாம் ஒரு திருப்பமா தம்பி, அந்தக் காலத்துல…” என்று தொடங்குவர். வாக்கியத்தின் பின்பாதி எப்போதும் வண்டிச் சத்தத்தில் மறைந்துவிடுவதால், அந்தக் காலத்தில் நடந்தது என்ன என்பது இன்றுவரை பதிவாகவில்லை.

4.2 *செவியர்.* பார்க்கமாட்டார், கேட்பார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை. அதே வேகத்தில் முன்னதற்கு இருமடங்கு வெடி என்பதால் கீச்சென்னும் குரல்; பின்னதற்குத் தடதடப்பு. இதை அறிந்த செவியர் கண்ணை மூடியபடி வண்டியின் பெயர் சொல்வார். கண் திறந்து சரிபார்ப்பது இவர்கள் வழக்கமல்ல.

4.3 *மெக்கானிக்.* எல்லா வண்டிக்கும் கார்புரேட்டர்தான் கோளாறு.

4.4 *நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்.* கம்பெனி சட்டையில் தூங்குவார்.

4.5 *அழைத்து வரப்பட்ட மனைவி.* போகலாமா.

5. புழுதி

5.1 *தோற்றம்.* பட்டன் டயரின் ஒவ்வொரு பொத்தானும் மண்ணைக் கவ்வி, கிழித்து, பின்னோக்கி எறிகிறது. கற்கள் பின்னால் வருபவரின் நெஞ்சுக்குப் போகும். மணல் பாதையோரத்தில் விழும். எஞ்சிய மென்துகள் முழுவதும் பார்வையாளருக்கே உரியது. டிக்கெட்டில் இது தனியாகக் குறிக்கப்படுவதில்லை.

5.2 *வீழ்ச்சி.* ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் வகுத்த விதிப்படி, காற்றில் விழும் நுண்துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. 10 மைக்ரோமீட்டர் துகள் அசையாக் காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இறங்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து தரை சேர 4 நிமிடம். ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் என்று கொண்டால், முதல் சுற்றின் புழுதி இறங்குவதற்குள் வண்டிகள் இன்னும் இருமுறை வந்துபோய்விடும். ஆகவே மண்பந்தயத்தில் புழுதி அடங்குவதே இல்லை. கடனைப் போலச் சேர்ந்துகொண்டே போகும். தண்ணி லாரி இந்தக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டுகிறது.

5.3 *காற்று.* புழுதி படாத இடம் எது என்பது துறையின் தலையாய சிக்கல். கோடைக் காலையில் காற்று மேற்கிலிருந்து வீசும் என்பதால் மேற்கே அமர்க என்பர் ஒரு சாரார் (டீக்கடை, வடக்குப் பெஞ்சு, இரண்டாம் டீ). பிற்பகலில் கடற்காற்று உள்நாட்டுக்குள் ஏறிவந்து கிழக்கிலிருந்து வீசும் என்பதால் கிழக்கே அமர்க என்பர் மறுசாரார் (அதே டீக்கடை, தெற்குப் பெஞ்சு, வடை தீர்ந்தபின் இக்கருத்து திரும்பப் பெறப்பட்டது). இருதரப்பும் சரியே. காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் இருப்பவர் தப்பலாம். ஆனால் மாறி உட்காரத் திடலைச் சுற்றி நடக்க வேண்டும். நடக்கையில் புழுதி படும். இருந்த இடத்திலேயே இருப்பவர் பாதி நாள் தின்பார். இடம் மாறுபவர் நடுவில் தின்பார். தின்னாதவர் வராதவரே (மிக்சர் பொட்டலக் காகிதம், உள்மடிப்பு, எண்ணெய்க் கறைக்கு மேல் மூன்றாம் வரி, கறைக்குக் கீழுள்ள பாடம் வேறுபடும்).

5.4 *அடுக்கு.* கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்று 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ நிறுவினார். இவ்விதியைக் கையில் எடுத்துக்கொண்டு 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் இறங்கினார்; குழிகளுக்கு இடையே வெட்டாத மண்சுவர் விட்டு, அதில் காலத்தைப் படித்தார். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் தோண்டியபோது, ஒரு மீட்டரும் ஆழமில்லாத நிலத்துக்குள் கல்லாயுதங்களும் ரோமானிய ஆம்போரா ஓடுகளும் கண்ணாடி மணிகளும் சிறு பொன்னணிகளும் கிடைத்தன. இவ்வளவு மெல்லிய மண்ணில் இவ்வளவு நீண்ட காலம் அடங்கும் என்றால், ஒரு சட்டையில் ஒரு நாள் அடங்காதா என்ற கேள்வி எழுந்தே தீரும்.

மாலையில் திரும்பும் பார்வையாளரின் வெள்ளைச் சட்டையை மேலிருந்து கீழாக ஆய்ந்தால் கிடைப்பவை:

அடுக்கு 1 (மேல்): சாம்பல் நிறம். திரும்பும் வழியில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் போன காலம்.
அடுக்கு 2: செம்பழுப்பு, தடித்தது. இறுதிப் போட்டிக் காலம்.
அடுக்கு 3: மஞ்சள், எண்ணெய்ப் பசை. சால்னாக் காலம். வட்டமான கறைகள் வெளிநாட்டுத் தொடர்பைக் காட்டுகின்றன. பக்கத்து இலைக்காரர் வெளியூர்.
அடுக்கு 4: வெளிர் சிவப்பு. தகுதிச் சுற்றுகள்.
அடுக்கு 5 (அடி): சட்டை. இதற்குக் கீழே பண்பாட்டுத் தடயங்கள் இல்லை, பனியன் உண்டு.

கைக்குட்டையால் துடைக்கப்பட்ட முகமும் கழுத்தும் கலைக்கப்பட்ட அடுக்குகள். அவற்றைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. சட்டைப் பையின் உட்புறம் மட்டும் வீலர் விட்டுவைத்த மண்சுவரைப் போலக் கலையாமல் நிற்கும். அதில் கிடைத்த டிக்கெட்டின் அரைக்கிழிசலைக் கொண்டு அந்நாளின் பொருளாதாரம், போக்குவரத்து, குடும்ப அமைப்பு ஆகியவற்றை மீட்டெடுக்க இயலும். ஓர் ஓட்டுச்சில்லிலிருந்து பானையையும், பானையிலிருந்து கப்பலையும், கப்பலிலிருந்து வணிகனையும், கடைசியில் அந்த வணிகன் நம்மூர்க்காரன்தான் என்பதையும் நிறுவிக்காட்டும் புலமைக்கு அரை டிக்கெட் தாராளம்.

5.5 *புழுதியும் தகுதியும்.* புழுதி ஏறாத சட்டையோடு திரும்புபவர் பந்தயம் பார்த்தவராகக் கருதப்படமாட்டார் (ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடி, விரலால் எழுதியது, முதற்படி, அது மழையில் அழிந்தது. இரண்டாம் படி, அதே விரல், வேறு ஆட்டோ. இரண்டையும் ஒப்புநோக்கிய செம்பதிப்பு பஞ்சர் கடைச் சுவரில் கரியால் வரையப்பட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. இங்குள்ள மேற்கோள் வெள்ளையடித்தவரின் நினைவிலிருந்து, அவர் அதைப் படித்தாரா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்).

5.6 *காட்சியளவு.* புழுதிக்கு இடையே கண்ணுக்கு எட்டும் பாதை 40 மீட்டர் என்று கொள்க. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதை 3 வினாடிக்குள் கடந்துவிடும். சுற்றுக்கு 120 வினாடியில் 3 வினாடி காட்சி. மீதி 117 வினாடியும் அக்காட்சி பற்றிய விளக்கம். சான்று ஒரு பங்கு, விளக்கம் முப்பத்தொன்பது பங்கு. பல ஆய்வேடுகளின் விகிதத்தோடு ஒப்பிட்டால் மண்பந்தயப் பார்வையாளர் சிக்கனமானவர். மேலும், அவர் அந்த 3 வினாடியையாவது தம் கண்ணால் பார்த்திருக்கிறார். நெறியாளரின் பெயரை முதலில் போட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

6. உணவு

அடுக்கு 3 காண்க.

7. வென்றவர்

பார்வையாளர் இது பற்றி அறியார்.

8. திரும்புதல்

பழைய வண்டிகளின் உண்மையான போட்டி மாலையில், வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கிறது. இதற்கு நடுவர் இல்லை, பார்வையாளர் நிறைய.

ஆர்எக்ஸ் 100 முதல் இரண்டு உதையில் கிளம்பிவிடும். ஆகவே ஆய்வுக்குப் பயனற்றது. எஸ்டிக்கு கிக்கரும் கியரும் ஒரே கம்பி. உதைத்துக் கிளப்பிய பிறகு, அதே கம்பியை முன்னுக்குச் சாய்த்துக் கியர் போட வேண்டும். இதை அறியாமல் இரவல் வாங்கி வந்தவர் கியர் கம்பியைத் தேடிக் குனிவதைச் சோழவரத்தார் ஓசையின்றி ரசிப்பர். அவர்கள் ஓசையின்றி இருக்கும் ஒரே தருணம் இது.

பழைய புல்லட்டின் முறை நீண்டது. சாவியைத் திருப்புக. கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்க. டீகம்ப்ரஸரை அழுத்தி, பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே இறக்குக. கையை விடுக. உடல் எடை முழுவதையும் இறக்கி உதைக்க. படி தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் பல நாள் அதை நினைவு வைத்திருக்கும். இப்போது சுற்றியிருப்போர் மெக்கானிக்குகளாக மாறுகின்றனர்: “சோக்கு போட்டியாண்ணே?” “சோக்க எடுண்ணே.” “பிளக்கக் கழட்டித் தொடை.” நான்காவது யோசனைக்கும் ஐந்தாவது உதைக்கும் இடையே வண்டி தானாகக் கிளம்பும். எந்த யோசனையால் கிளம்பியது என்பதில் நான்கு கொள்கைகள் உள்ளன. நான்கும் அவ்வவற்றைச் சொன்னவரால் முன்மொழியப்பட்டு, அவராலேயே ஏற்கப்பட்டவை.

வண்டி ஓரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டிக் கம்பெனி பஸ்களுக்கு இடையில் புகுந்ததும், பார்வையாளர் பார்வையாளராக இருப்பது முடிந்து வெறும் போக்குவரத்தாகிறார். அதற்குமேல் அவரை ஆராய்வது போக்குவரத்துக் காவலரின் துறை. சட்டை துவைக்கப்படும் முன் சான்றுகளைத் தொகுத்துக்கொள்வது அவசியம். துவைத்தபின் எழுதப்படும் ஆய்வுகள் அனைத்தும் இரண்டாம்நிலைத் தரவுகளையே சார்ந்தவை. இப்பொருள் மேலும் ஆய்வுக்குரியது, நிதி கிடைத்தால்.