கடல் கடந்த கண்களுக்கு ஒரு பாராட்டு

மலேசியத் தேசியக் காற்பந்து அணிக்கு ஆள் தேடும் பெரியோர்களே, உங்கள் ஆற்றலை மனமாரப் பாராட்டுகிறேன். 2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். அந்த அணியைத் திரட்ட நீங்கள் போன தூரம் கொஞ்சமா? ஆர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து வரை வேர் தேடிப் போனீர்கள். ஆட்டக்காரரைக் கண்டதோடு நிற்காமல் அவருடைய தாத்தா யார், பாட்டி எந்த ஊர் என்றும் தேடினீர்கள். குடியுரிமையும் விரைந்து கைக்கு வந்தது.

செப்டம்பரில் ஃபிஃபா வேறு கதை சொன்னது. ஏழு ஆட்டக்காரர்களுக்காகக் கொடுக்கப்பட்ட தாத்தா பாட்டியரின் பிறப்புப் பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்று அதன் ஒழுங்குக் குழு முடிவு செய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. மேல்முறையீட்டையும் நவம்பரில் தள்ளுபடி செய்தார்கள். யார் திருத்தினார், யாருக்குத் தெரியும் என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நான் பாராட்ட வந்தது அதற்கு முந்திய உழைப்பை. ஓர் ஆட்டக்காரர் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டால் தூரம் தடையில்லை, மொழி தடையில்லை, செலவு தடையில்லை, பத்திரம் தடையில்லை. இதை உலகத்துக்கே மெய்ப்பித்துவிட்டீர்கள்.

கெடா மாநிலத் தோட்டத்து மக்களுக்கு இது பெரிய செய்தி. இத்தனை காலமும் அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் தூரம், செலவு, பத்திரம் என்ற மூன்று சொற்கள்தாமே!

பீடோங், பாடாங் செராய், கூலிம், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்கும் கோயிலுக்கும் அருகே ஒரு திடல் இருக்கும். காலையில் பால்மரம் வெட்டியவர்கள் மாலையில் அங்கே பந்து ஆடினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கோப்பை வைத்தார்கள். பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே ஓடும் பந்தை எடுத்துப் போட்டே ஆட்டம் கற்றார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்தோடு திடலும் போயிற்று. மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பையன் இன்று மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஃபுட்சால் கூடத்தில் ஆடுகிறான். பணமில்லாத நாளில் கார் நிறுத்துமிடத்தில் ஆடுகிறான்.

அந்தப் பையன் மேலே வர ஏணி இல்லாமலில்லை. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள் ஒழுங்காகவே போடப்பட்டிருக்கின்றன. கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தோட்டத்துக்குள் இருக்கும் சில பள்ளிகளில், பதினொருவர் அணிக்கு ஒரே வயதில் அத்தனை பையன்கள் கிடைப்பதே அரிது. அங்கும் ஓர் ஆசிரியர் தன் கைக்காசில் காலணி வாங்கிக் கொடுத்து, தன் காரிலேயே பிள்ளைகளை மாவட்டப் போட்டிக்கு ஏற்றிச் செல்கிறார். ஆறாம் ஆண்டு முடிந்து பையன் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது அந்த ஆசிரியரின் கை எட்டாது. மாலைப் பயிற்சி முடிவதற்குள் பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும். அப்பா சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ தொழிற்சாலை ஷிப்டில் இருப்பார். பயிற்சிக்கு வராதவன் பெயர் பட்டியலிலிருந்து போகிறது. அவன் ஆட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. யாரும் பார்க்கவே இல்லை.

பத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் வளரும் இந்தியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யவே 2011இல் அரசு ‘மைடஃப்தார்’ இயக்கத்தை நடத்தியது. தாத்தா பால்மரம் வெட்டினார், பாட்டியும் வெட்டினார், ஊரே சாட்சி. ஆனாலும் பேரனிடம் காட்டத் தாள் இல்லை. ஆர்ஜென்டினாப் பாட்டிக்குப் பத்திரம் தேடிய அந்த அக்கறையில் ஒரு சிறு பங்கு இந்தப் பேரனுக்குக் கிடைத்திருந்தால்!

அமெரிக்க பேஸ்பால் கழகங்களும் வெளிநாட்டில்தான் தேடுகின்றன. ஆனால் அவை பத்திரத்தை விட்டுவிட்டுப் பையன்களைத் தேடுகின்றன. டொமினிக்கன் குடியரசில் முப்பது கழகங்களும் பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றன. பதினாறு வயதில் ஒப்பந்தம் போடுகின்றன. சான் பெட்ரோ டி மக்கோரிஸ் வட்டாரம் கரும்பு ஆலைகளின் பூமி. அங்குள்ள கொன்சுவேலோ என்ற ஆலை ஊரிலிருந்து வந்த சேமி சோசா 609 ஹோம் ரன் அடித்தார். அந்த முறையிலும் தரகர் கொள்ளை, வயது மோசடி என்று குறைகள் உண்டு. இருந்தாலும் தேடுகிறவன் தோட்டத்துப் புழுதியில் கால் வைத்தான்.

நம்மிடம் பார்க்கத் தெரிந்தவர்களே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கெடாவில் பிறந்த சிவசங்கரி சுப்ரமணியம் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தனிநபர் தங்கம் வென்றார். அதற்கு முந்திய ஆண்டுதான் கார் விபத்தில் கடுமையாகக் காயமுற்றிருந்தார். 2024இல் லண்டனில் பட்டம் வென்றார். ஒரு பெண்ணைச் சின்ன வயதிலேயே கண்டு, பல ஆண்டுகள் கைவிடாமல் வளர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. காற்பந்திலும் பழைய சாட்சிகள் உண்டு. 1980இல் தென்கொரியாவை வென்று ஒலிம்பிக் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம். 2010இல் ஆசியான் கோப்பையைக் கொண்டுவந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இவர்களுடைய தாத்தா எந்த நாட்டில் பிறந்தார் என்று யாரும் துருவவில்லை. இவர்களால் என்ன முடியும் என்று பார்த்தார்கள்.

இப்போது காற்பந்தில் கெடாவின் நிலை இன்னும் மோசம். 2007, 2008 என்று அடுத்தடுத்து உள்நாட்டுக் காற்பந்தின் மூன்று கோப்பைகளையும் அள்ளிய மாநிலம், சம்பள பாக்கியிலும் நிதிச் சிக்கலிலும் மாட்டி 2025-26 சூப்பர் லீக்கில் இடமில்லாமல் போனது. உள்ளூர்ப் பையன் அண்ணாந்து பார்க்க அலோர் ஸ்டார் அரங்கில் முதல்நிலை அணி இல்லை. அதனால் அவனைத் தேடி வர வேண்டிய கடமை உங்கள்மேல் இரட்டிப்பாகிறது.

பெரியோர்களே, உங்களால் முடியும் என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள். இனி முடியாது என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். அடுத்த பள்ளிப் போட்டிக் காலத்தில் கோல மூடா, கூலிம் மாவட்டத் திடல்களுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். தேறுகிற பையனுக்குப் போக்குவரத்தும் விடுதியும் கொடுங்கள். பத்திரமில்லாதவனைப் பதிவிலாகாவுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். விமானச் சீட்டு வேண்டாம்; நெடுஞ்சாலையிலேயே வந்துவிடலாம்.