மீட்கப்பட்ட பறவையின் உணவுச் சீர்திருத்தம்: ஒரு பன்முக நோக்கு

ஆய்வின் தேவை

பறவைகளுக்கு உணவு தேவை என்பதை அறிஞர் பலரும் ஒப்புக்கொண்டுள்ளனர். எந்தப் பறவைக்கு, எந்த உணவு என்ற வினாக்களும் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. ஆனால் ‘யார் தட்டிலிருந்து?’ என்ற மூன்றாம் வினாவை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அதை நிரப்பத் தொடங்கிவிடுவது நம் பல்கலைக்கழக மரபு. அம்மரபு இங்கும் வழுவாது காக்கப்பட்டுள்ளது.

ஆய்வு எல்லை

வடக்கே ஃப்ரிட்ஜ், தெற்கே துணிக்கொடி, கிழக்கே பூஜை அலமாரி. மேற்கே அத்தையின் அறை. அங்கே ஆய்வுக்கு அனுமதி இல்லை.

ஆய்வுப் பொருள்

சாம்பல் உடலும் மஞ்சள் முகமும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் கொண்ட ஒரு காக்டெயில் பறவை. பூர்வீகம் ஆஸ்திரேலியா. இது கிளியின் பங்காளியா, கொண்டைக் கிளியான காக்கட்டூவின் பங்காளியா என்று வகைப்பாட்டாளர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். கடைசியில் மரபணு ஆய்வு காக்கட்டூ பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதற்காக எழுதப்பட்ட பக்கங்களின் எடை பறவையின் எடையைவிடக் கூடுதல் என்பதில் ஐயமில்லை. பறவை நூறு கிராமைத் தொடுவதே அரிது.

ஒரு மழைநாளில் எங்கள் பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் படம் போட்டோம். உரிமை கோரி யாரும் வரவில்லை. ‘கூண்டு வேண்டுமா, பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று ஒருவர் வந்தார். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இது அயல்நாட்டு இனமாதலால் அந்தச் சிக்கல் எழவில்லை. கொண்டையை நிமிர்த்திக்கொண்டு வீட்டில் உள்ளவர்களையெல்லாம் மனு கொடுக்க வந்தவர்களைப் போலப் பார்த்ததால் ‘தாசில்தார்’ என்ற பெயர் நிலைத்தது. பதவிக்குரிய மரியாதை இக்கட்டுரை முழுவதும் பின்பற்றப்படுகிறது.

முன்னோர் கருத்துகள்

1. பெரியப்பா கொள்கை: “பசிச்சா தானா தின்னும்” (பெரியப்பா, சாய்வு நாற்காலி உரை). மறுப்பு: இவ்வளவு சிறிய பறவை ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. பெரியப்பாவுக்கு அந்த ஆபத்து இல்லை.

2. மாமி கொள்கை: “நாலு பருக்கை தயிர்சாதம் வையுங்கோ, ஓடி வரும்” (மேல்வீட்டு மாமி, மாடிப்படிப் பேருரைகள், மூன்றாம் படி, தண்ணீர் மோட்டார் நின்ற பிறகு). மறுப்பு: பறவைகளுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. உப்பும் ஆகாது. மாமியிடம் இதைச் சொல்லவில்லை.

3. கிளி ஜோசியர் கொள்கை: ஒரு சீட்டு எடுத்தால் ஒரு நெல். உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற அளவில் இது முற்போக்கானது. ஆனால் தாசில்தார் எந்த வேலையும் செய்வதில்லை.

4. சங்க கால நிலை: குறிஞ்சித் தலைவி தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி ஓட்டுகிறாள். தட்டை, தழல், குளிர் என்று இதற்கென்றே கருவிகள் இருந்தன. அப்படி விரட்டிய இனம் இன்று தினையைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவந்து, “ஒரு வாய், ராஜா” என்று கெஞ்சுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவை மருத்துவர் எங்களுக்குச் சொன்ன முதல் அறிவுரையும் ‘தினையிலிருந்து அதை மெல்ல விலக்குங்கள்’ என்பதுதான். ஆகவே குறிஞ்சித் தலைவியே உலகின் முதல் பறவை உணவியல் வல்லுநர் என்று நிறுவ இடமுண்டு. நெடும்பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் இருக்கும் சொல்லை நூறடி தள்ளி இருக்கும் இன்னொரு சொல்லோடு நச்சினார்க்கினியர் முறையில் கொண்டுகூட்டினால் போதும். ‘உலகின் முதல்’ என்ற தொடர் இல்லாத கட்டுரையை மாநாட்டு மலரில் சேர்ப்பதில்லை என்பதால் இதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

தீனி வகைகள்

சூரியகாந்தி விதை: பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், கால்சியமும் போதாது. இதையே தின்றால் கல்லீரலில் கொழுப்புப் படியும். தாசில்தாருக்கு உணவு என்றால் இது ஒன்றுதான். மற்றவை இடையூறு.

பெல்லட்: முழுச் சத்துணவு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறது. தாசில்தாருக்குப் படிக்கத் தெரியாது.

முருங்கைக்கீரை: கால்சியமும் வைட்டமின் ஏ-யும் ஒருங்கே கிடைக்கும் அரிய பொருள். கழுவி ஈரத்தோடு கட்டித் தொங்கவிட்டோம். அதில் உருண்டு குளித்தார்.

பச்சை மிளகாய்: தின்கிறார். பறவைகளுக்குக் காரம் உறைக்காது; அவற்றின் நரம்பிலுள்ள ஏற்பி மிளகாயின் கேப்சைசினுக்கு மசிவதில்லை. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. “கிளிக்குக் காரம் தெரியாதுடா” என்று அதற்கு வெகு முன்பே சொன்ன என் பாட்டிக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் அதைக் கட்டுரையாக வெளியிடவில்லை.

அவகாடோ, சாக்லேட், காபி: நஞ்சு. ஆய்வு முடிந்தது.

சுவர்: பூச்சைக் கொத்தித் தின்றார். கால்சியப் பற்றாக்குறை என்றார் மருத்துவர். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கிக் கம்பியில் கட்டினோம். கடல்நுரை என்று விற்றாலும் அது கணவாயின் ஓடு. சுவர் பிழைத்தது.

நான்ஸ்டிக் தோசைக்கல்: தின்னும் பொருள் அன்று, ஆனால் மிகையாகக் காய்ந்தால் அதிலிருந்து வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். இரும்புக் கல்லுக்கு மாறினோம். தோசையும் தேறியது.

குக்கர் விசில்: இதுவும் தீனி அன்று, எனினும் உணவு வரப்போவதன் அறிகுறி என்று அறிந்துகொண்ட தாசில்தார் அதை அச்சு அசலாக அடிக்கக் கற்றுக்கொண்டார். மூன்றாவது விசில் என்று அம்மா அடுப்பை அணைத்தார். குக்கர் அடித்தது இரண்டுதான். அன்று வீட்டில் எல்லாரும் பறவைத் தீனிப் பதத்தில் சோறு தின்றோம்.

நாளிதழ்: தின்பதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி நிதானமாகக் கிழித்துக் கீழே போடுகிறார். இதை ‘விமர்சனம்’ என்று வகைப்படுத்தியுள்ளேன்.

கேரட்: தனி இயல் தேவைப்படுகிறது.

தட்டுக் கோட்பாடு

துருவிய கேரட்டைத் தாசில்தாரின் சொந்தக் கிண்ணத்தில் வைத்தோம். கொண்டையைத் தலையோடு ஒட்டவைத்து, கூண்டின் மறுகோடிக்குப் போய், பாம்புபோலச் சீறினார். நறுக்கி வைத்தோம். வேகவைத்து வைத்தோம். சீற்றம் ஒன்றே.

அன்று மதியம் அப்பாவின் சாம்பாரில் ஒரு கேரட் வில்லை மிதந்தது. தாசில்தார் அப்பாவின் தோளில் இறங்கி, சட்டைக் கையைப் பிடித்து வழுக்கி, மணிக்கட்டில் நின்று அந்த வில்லையை எட்டிப் பார்த்தார். கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நிகழ்கின்றன.

உடனே சோதனைகள் தொடங்கின. அதே எவர்சில்வர் தட்டு, அதே கேரட், எதிரே ஆள் இல்லை: நாட்டமில்லை. ஆள் இருக்கிறார், சாப்பிடவில்லை: நாட்டமில்லை. ஆள் சாப்பிடுகிறார்: நாட்டம் உண்டு. ஆள் சாப்பிடுவதுபோல நடிக்கிறார்: முதலில் உண்டு, பிறகு அவமதிக்கப்பட்ட பார்வை. ஆள் சாப்பிடுகிறார், தட்டைக் கையால் மறைத்தும்கொள்கிறார்: கட்டுக்கடங்காத நாட்டம். இவற்றிலிருந்து கீழ்க்காணும் விதி பெறப்படுகிறது: ஓர் உணவின் சுவை, அதை உடையவர் அதற்குத் தரும் பாதுகாப்புக்கு நேர்விகிதத்தில் அமையும்.

இவ்விதியை அத்தை தற்செயலாக உறுதிப்படுத்தினார் (அத்தை, ‘அது என் அப்பளம்’, கை ஓங்கிய நிலையில் ஆற்றிய சிற்றுரை, சாப்பாட்டு மேசை, அமாவாசை. இவ்வுரைக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. அத்தை தரும் பாடத்தில் ‘சனியனே’ என்ற விளி இல்லை. அண்ணன் மகள் கைபேசியில் பதிந்த பாடத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அவை இடைச்செருகல் என்பது அத்தையின் துணிபு. காலத்தால் முந்தியது கைபேசிப் பாடமே என்பது என் துணிபு. இருவருக்குமிடையே பேச்சுவார்த்தை இல்லாததால் செம்பதிப்பு தாமதமாகிறது).

காரணம் விளங்காததன்று. கிளியினங்கள் கூட்டமாக இரை தேடுபவை. எது தின்னத்தக்கது என்பதைக் குஞ்சுப் பருவத்திலிருந்தே அடுத்தது தின்பதைப் பார்த்துத்தான் கற்கின்றன. தனிக்கிண்ணத்தில் திடீரென்று முளைத்த ஆரஞ்சு நிறப் பொருள் அவற்றுக்கு ஆபத்தாகவே தோன்றும். அதையே கூட்டத்தில் ஒருவர் மென்று, விழுங்கி, உயிரோடும் இருந்தால் அது உணவு. தாசில்தாருடைய கூட்டம் நாங்கள்தாம். தட்டு மறைத்தல் கூடுதல் சான்று: ஒளித்து வைக்கிறானென்றால் நல்ல பொருளாகத்தான் இருக்கும்.

தன் கிண்ணத்தில் இருப்பதைத் தொடாமல் பிறர் தட்டில் இருப்பதை மட்டுமே உண்ணும் வழக்கம் பறவைகளுக்கே உரியது என்று நினைக்கவேண்டாம். மூலநூல் கையெட்டும் தூரத்தில் அலமாரியில் இருக்கும். ஆய்வாளர் அதைத் திறக்கமாட்டார். அதைப் பற்றி இன்னொருவர் எழுதியதிலிருந்து கொத்துவார். அவரும் வேறொருவர் தட்டிலிருந்து கொத்தியவராக இருப்பார். முதலாமவர் பாட்டெண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அந்தப் பிழை அடுத்தடுத்த ஆய்வேடுகளில் பேரன் பேத்தி எடுத்துவிடும். தாசில்தாரிடம் ஒரு நேர்மை உண்டு: தட்டுக்காரர் கண்ணெதிரிலேயே எடுக்கிறார். எடுத்ததை மென்றும் தின்கிறார்.

செயல்முறை

கோட்பாடு கைக்கு வந்தபின் சீர்திருத்தம் எளிது என்று நினைத்தோம். ஒரு தடை இருந்தது. தாசில்தார் திருடும் தட்டில் உப்பு, எண்ணெய், காரப்பொடி எதுவும் இருக்கக் கூடாது. ஆகவே யாராவது ஒருவர் உப்பில்லாமல் வேகவைத்த கேரட்டையும் பரங்கிக்காயையும் கீரையையும் நாள்தோறும் உண்மையாகவே சாப்பிட்டாக வேண்டும். ரசித்தும் மறைத்தும் சாப்பிட வேண்டும். நடிப்பு எடுபடாது என்பது முன்பே நிறுவப்பட்டது.

அப்பா தேர்வானார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதித்தந்த சீட்டு ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருந்தது. “எனக்குச் சமைக்கிறியா, அதுக்குச் சமைக்கிறியா?” என்று அப்பா கேட்டார். “அதுக்குத்தாங்க. மிச்சம் உங்களுக்கு” என்றார் அம்மா (அம்மா, அடுக்களை வாசல் தீர்ப்புரை, மேல்முறையீடு இல்லை).

பழைய தீனியை ஒரேயடியாக நிறுத்தவில்லை, படிப்படியாகக் குறைத்தோம். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் நாள்தோறும் காலை, தீனிக்கு முன் தாசில்தாரை நிறுத்தி எடை குறித்தோம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே பழைய தீனிக்குத் திரும்பி மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது கட்டளை. ஓட வேண்டி வரவில்லை. தாசில்தார் தராசில் ஒழுங்காக நின்றார். அப்பா நிற்க மறுத்தார். தராசின் அளவு ஐந்து கிலோ என்பது அவர் வாதம்.

இன்று தாசில்தார் கேரட் தின்கிறார், கீரை தின்கிறார், பெல்லட்டையும் அப்பா கையிலிருந்து பிடுங்கித் தின்கிறார். அப்பாவின் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. இரண்டு மருத்துவர்களும் தத்தம் நோயாளியின் முன்னேற்றத்துக்குத் தங்கள் சீட்டே காரணம் என்று நம்புகிறார்கள்.

மேலாய்வுக்கான களங்கள்

1. தாசில்தார் அப்பா தட்டிலிருந்து மட்டுமே தின்பதால், அப்பா ஊருக்குப் போனால் என்ன ஆகும்? இதைக் காரணம் காட்டி அப்பா உறவினர் கல்யாணங்களுக்கு வர மறுக்கிறார். வினாவை அவர் தீர்க்கவிடமாட்டார் என்றே தோன்றுகிறது.

2. முருங்கைக்கீரையில் குளித்த பறவைக்குத் தோல்வழியாகச் சத்துச் சேருமா? சேராது. ஆயினும் நிதிநல்கை கிடைத்தால் ஆராயலாம்.

கேரட்டுக்கு உப்புப் போடக் கூடாது என்பது மட்டுமே இவ்வாய்வின் ஐயமற்ற முடிபு. இதை மறுத்து அப்பா ஒரு கட்டுரை எழுதிவருகிறார். அதன் முதல் பக்கத்தைத் தாசில்தார் ஏற்கெனவே விமர்சித்துவிட்டார்.