வராத கணக்கு

கேள்வி: ‘கணக்கு எனக்கு வரவே வராது’ என்கிறான் 14 வயது மகன். என்ன செய்ய?
- ஒரு வாசகி, குளத்தூர், நெய்யாற்றின்கரை

பதில்: அதற்குள் தீர்ப்பா? இன்னும் 82 வருஷம் அவகாசம் இருக்கிறதே! உங்களுக்கு வடக்கே, ஆலப்புழை மாவட்டத்துச் சேப்பாட்டில் கார்த்தியாயினி அம்மா என்றொரு பாட்டி இருந்தார், பள்ளிக்கூடமே போகாதவர். 2018-இல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் ‘அக்ஷரலட்சம்’ தேர்வெழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அதில் கணக்கும் உண்டு. பக்கத்திலிருந்த பெரியவர் அவர் தாளை எட்டிப் பார்க்கும் படம்தான் ஊரெல்லாம் சுற்றியது (காப்பியடிக்க வயது வரம்பு இல்லை போலிருக்கிறது). அடுத்து கம்ப்யூட்டர் படிக்கணும் என்றார் பாட்டி.

பையனிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ‘வராது’ என்கிறான்? பூஜ்யம் என்று சொன்னால் பாராட்டுங்கள். முதல் விடை சரி.