ஏழாவது ஷரத்து

ஒரு சாண் நிலத்துக்கும் பட்டா இல்லாத எனக்கு ஒரு தேசம் இருக்கிறது. ஆஸ்திரேலிய நாவலாசிரியரான மாக்ஸ் பாரி, தாம் வெளியிடவிருந்த ‘ஜெனிஃபர் கவர்ன்மென்ட்’ என்னும் நாவலுக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று 2002-ஆம் ஆண்டில் இணையத்தில் தொடங்கிவைத்த ‘நேஷன்ஸ்டேட்ஸ்’ என்ற விளையாட்டில், காலணாச் செலவின்றி எவரும் கொடியும் நாணயமும் தேசிய மிருகமும் உடைய ராஜ்யம் ஒன்றை ஸ்தாபித்துக்கொள்ளலாம். அந்த நாவலைக் கண்ணால் பாராத என்போன்றவர்களும் சிறிதும் கூச்சமின்றி அங்கே ஆட்சி புரிந்து வருகிறோம். அவ்வுலகத்துக்கென ஐக்கிய நாடுகள் என்ற பெயரிலேயே ஒரு சபையும் இருந்தது. 2008-இல் மெய்யான ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஆட்சேபித்துக் கடிதம் எழுதவே, அது ‘உலக சபை’ என்று பெயர் மாறியது. எத்தனையோ யுத்தங்களை நிறுத்தச் சொல்லிக் கேட்பாரற்றுப் போன ஸ்தாபனத்துக்கு இந்த ஒரு காரியமாவது கடிதத்தால் கைகூடியதில் எனக்குச் சந்தோஷமே.

தேசங்கள் பல சேர்ந்தது ஒரு பிராந்தியம். பிராந்தியம் என்று இருந்தால் சாசனம் வேண்டும். சாசனம் என்று இருந்தால் அதைத் திருத்தியாக வேண்டும். எங்கள் சாசனத்தைச் சீர்திருத்தும் பணி நெடுங்காலம் நடந்து, ஏழாவது ஷரத்தில், அதாவது சபை கூடுவதற்குக் குறைந்தபட்சம் எத்தனை அங்கத்தினர் வேண்டும் என்று விதிக்கும் இடத்தில், வந்து நின்றுவிட்டது. அதை நிறைவேற்றுவதற்குப் போதிய அங்கத்தினர் வராததுதான் காரணம். ஆகவே, சீர்திருத்தத்தைத் தொடர்வதா, கைகழுவி விடுவதா என்று ஒரு பிரேரணை கொண்டுவரப்பட்டது. அதற்கு மட்டும் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

கைவிட வேண்டும் என்ற கட்சியின் தலைவர், வரைவுக் குழுவின் கதியை எடுத்துக்காட்டினார். ஒருவருக்குப் பரீட்சை, ஒருவர் ஊரில் இல்லை, மற்றொருவர் 28 நாள் எட்டிப் பாராததால், விளையாட்டின் விதிப்படி அவருடைய தேசமே மறைந்துபோயிற்று. நான் நாற்காலியை விட்டு எழாமலே எழுந்து, 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி கூறியதை நினைவூட்டினேன்: எழுவர் கொண்ட அந்த வரைவுக் குழுவிலும் ஒருவர் ராஜிநாமாச் செய்ய, ஒருவர் காலமாக, ஒருவர் அமெரிக்காவில் இருக்க, ஒருவர் ராஜ்ய காரியங்களில் ஈடுபட்டிருக்க, டில்லிக்குத் தொலைவில் இருந்தவர்களும் வர இயலாமற்போக, பாரம் முழுவதும் அம்பேத்கரின் மீதே விழுந்தது. “அப்படியானால் நம்முடைய அம்பேத்கர் யார்?” என்று ஒருவர் வினவினார். அதன்பின் நிலவிய மௌனத்தை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கலாமா என்பது பற்றி நெடுநேரம் விவாதித்தோம்.

சட்டஞானம் மிகுந்த வேறொருவர் இன்னும் ஆழமான இடத்தில் கை வைத்தார். விளையாட்டை நடத்தும் யந்திரத்துக்கு நமது சாசனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிராந்தியத்தில் உலக சபை அங்கத்தினரான தேசங்களுள் எதற்கு மிகுதியான ஆதரவு பதிவாகியிருக்கிறதோ அதையே பிரதிநிதியாக அது அங்கீகரிக்கும். அந்தப் பிரதிநிதி ஒரு நாள் காலையில் மனம் மாறி நம் அனைவரையும் வெளியே தள்ளினால், அடிப்படை உரிமைகளைப் பற்றிய அத்தியாயத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும், போலீசும் சிறையும் இல்லாத ஓரிடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதவர்கள், மீறுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையிலும், காகிதத்தில்கூட அச்சாகாத ஒரு சாசனத்துக்குக் கட்டுப்பட்டு, அரைப்புள்ளிக்காக இரவெல்லாம் சண்டையிடுகிறார்கள் என்பது, அசல் அரசாங்கங்கள் பலவற்றிலும் காணக்கிடைக்காத ஒழுக்கம் என்பது என் அபிப்பிராயம்.

எனவே தொடரவேண்டும் என்றே வாக்களித்தேன். ஆனால் முடிக்கவேண்டும் என்று அன்று. தேர் நிலைக்கு வந்துவிட்டால் வடம் பிடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாசனம் பூர்த்தியானால், அதன்படி ஆட்சி நடத்துவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலை இராது. அந்த வேலைக்காக எங்களில் ஒருவரும் அங்கே சேரவில்லை.

தொடர்வது என்றே பிரேரணை பெருவாரியாக நிறைவேறியது. ஆயினும் ஏழாவது ஷரத்து நிர்ணயமாகாத நிலையில் அந்த வாக்கெடுப்பே செல்லுமா என்று தீர்ப்புக் கூற வேண்டிய பிரதம நீதிபதியின் பதவி தற்சமயம் காலியாக இருக்கிறது. சம்பளம் கிடையாது; சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 28 நாளுக்கு ஒருமுறையேனும் வந்துபோகும் பழக்கமுள்ள வாசகர்கள் விண்ணப்பித்துக்கொள்ளலாம்.