ரெண்டுக்கு மூணு அண்ணன்

"இருப்பா, பார்த்துட்டு உட்காரலாம்."

லாஸ் வேகாஸில் கால் வைத்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். நாலு மணி நேரம் கழித்துச் சொல்வதும் இதையேதான். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு இர்வைனிலிருந்து நம்மவர்கள் இரண்டு வண்டியில் கிளம்பினால் ஒன்றில் இந்த அண்ணன் இருப்பார். இன்னொன்றில், அவரோடு ஒரே வண்டியில் வரமாட்டோம் என்றவர்கள் இருப்பார்கள்.

பிளாக்ஜாக் என்றால் அண்ணனுக்கு உயிர். ஆனால் அவர் ஆடிப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. டேபிளுக்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பச்சைத் துணியில் அச்சடித்திருப்பதைப் படிப்பார். பிளாக்ஜாக்குக்கு 3 டு 2 என்று போட்டிருக்கிறதா, 6 டு 5 என்றா? இரண்டாவது என்றால், ரஜ்ஜுப் பொருத்தம் தட்டிய ஜாதகத்தைக் கையில் வாங்கிய பெண் வீட்டுத் தாத்தா மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல் மடித்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். நாங்களும் பின்னாலேயே.

விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும், பத்து மதிப்புள்ள ஒரு சீட்டும் விழுந்தால் அது பிளாக்ஜாக். பழைய கணக்குப்படி ரெண்டு டாலருக்கு மூணு டாலர், அதாவது பத்து வைத்தவனுக்குப் பதினைந்து. 2000களின் தொடக்கத்தில், ஊரின் பிரதான வீதியான ஸ்ட்ரிப்பில் இருக்கும் கேசினோக்கள் அஞ்சுக்கு ஆறு என்று ஒன்றைப் பரப்ப ஆரம்பித்தன. அதே பத்து டாலருக்குப் பன்னிரண்டுதான். அஞ்சும் ஆறும் ரெண்டையும் மூணையும்விடப் பெரிய எண்களாகத் தெரிவதால், கையில் நீளக் குழாய் கிளாஸோடு வருகிறவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒருமுறை பிளாக்ஜாக் விழும். ஒவ்வொரு முறையும் மூன்று டாலர் கழிந்தால் என்ன ஆகும்? கேசினோவின் சாதகம் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் ஏறிவிடும். ஒழுங்கான விதிகள் உள்ள டேபிளில் புத்தகப்படி ஆடுகிறவனிடம் கேசினோவுக்கு இருக்கும் மொத்த சாதகமே அரை சதவீதம்தான். அண்ணன் கோபப்படுவது நியாயம். அதுதான் எரிச்சலே. அவர் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது.

ரெண்டுக்கு மூணு என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி யாரும் நாற்காலியை இழுத்துவிடக் கூடாது. விசாரணை அப்போதுதான் ஆரம்பம். டீலருக்கு ஏஸும் ஆறுமாகப் பதினேழு வந்தால் நிற்பாரா, இன்னொரு சீட்டு எடுப்பாரா? எடுத்தால் 0.2 சதவீதம் போச்சு. ஜோடியைப் பிரித்த பிறகு டபுள் பண்ண விடுவார்களா? இல்லையென்றால் இன்னொரு 0.14. பாதிப் பணத்தை விட்டுவிட்டு எழுந்து கொள்ள 'சரண்டர்' உண்டா? ஏஸைத் திரும்பத் திரும்பப் பிரிக்கலாமா? ஆறு கட்டா, எட்டு கட்டா? சீட்டைக் கலைக்கிற மெஷின் ஒருமுறை கலைத்து நிறுத்துகிற ரகமா, ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கிற ரகமா?

இதில் பாதிக்கு மேல் துணியில் எழுதியிருக்காது. டீலரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒருத்தன் பதினாறை வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே, "எக்ஸ்க்யூஸ் மி மேடம்" என்பார். அந்த மேடமும் சிரித்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். கேள்விகள் முடிந்ததும் அண்ணன் மினிமம் போட்டிருக்கும் பலகையைப் பார்ப்பார். ஸ்ட்ரிப்பில் விதிகள் நன்றாக இருக்கிற டேபிளில் மினிமம் 50 டாலர், 100 டாலர் என்றுதான் இருக்கும். 15 டாலர் டேபிளில் அஞ்சுக்கு ஆறு. இது கேசினோக்காரனுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கட்டடத்தில் வேறு மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குக் குறைவதே இல்லை.

ஸ்ட்ரிப்பின் நீளம் நாலு மைலுக்கு மேல். பக்கத்துக் கேசினோ கையெட்டும் தூரத்தில் நிற்பது போலத் தெரியும். பாலம் ஏறி, இறங்கி, கடைகளுக்குள் புகுந்து வெளியே வர இருபது நிமிஷம் ஆகும். பெல்லாஜியோ நீரூற்றின் முன்னால் எங்களை நிற்க விடமாட்டார். "அது ஃப்ரீப்பா, எப்ப வேணா பாக்கலாம்" என்பார். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது எதற்கும் கூட்டிப் போகவும் மாட்டார். சாப்பாடு? "இந்த ஒரு இடத்தைப் பாத்துட்டு." போனில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்: கேசினோ, டேபிள் எண்ணிக்கை, விதிகள், மினிமம், பார்த்த தேதி, நேரம். செவ்வாய்க்கிழமை காலையில் எங்கெங்கே மினிமம் குறையும் என்பது அதில் துல்லியமாக இருக்கிறது. நாங்கள் போவதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி.

தொழுகிற தெய்வங்களும் அண்ணனுக்கு உண்டு. அபர்டீன் ராணுவ மையத்தில் இருந்தபடி, மேஜைக் கணக்கு மெஷினைத் தட்டித் தட்டி, எந்தக் கைக்கு எப்படி ஆட வேண்டும் என்று கண்டுபிடித்து 1956இல் கட்டுரை போட்ட நால்வர். ஐ.பி.எம். 704இல் கணக்குப் போட்டு, சீட்டை எண்ணினால் கேசினோவை வெல்லலாம் என்று 1962இல் புத்தகம் எழுதிய எட்வர்ட் தோர்ப். ஆனால் குலதெய்வம் ஸ்டான்ஃபோர்ட் வாங்தான். டேபிளுக்குப் பின்னால் நின்று விழும் சீட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்து, நிலைமை சாதகமாகத் திரும்பும்போது மட்டும் உட்கார்ந்து ஆடுகிற முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அண்ணன் அந்த முறையின் முதல் பாதியைக் கரைத்துக் குடித்தவர்.

அவரை முழுக்கக் கிண்டல் பண்ணவும் மனசு வருவதில்லை. 1964இல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் எல்லாம் கூடிப் பேசி, பிளாக்ஜாக் விதிகளை ஒரே நாளில் இறுக்கின. தோர்ப்பின் புத்தகத்துக்குப் பயந்துதான். சீட்டை எண்ணத் தெரியாத சாதாரண ஜனங்களே டேபிள்களை விட்டு எழுந்து போய்விட்டார்கள். சில வாரங்களில் பழைய விதிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்தக் கதையைச் சொல்லும்போது அண்ணன் குரல் தழுதழுக்கும். "அன்னிக்கு எழுந்து போனாங்கப்பா. இன்னிக்கு அஞ்சுக்கு ஆறுன்னு எழுதி வச்சு உரிக்கிறான், ஒருத்தன் எழுந்திரிக்கிறானா?" என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் போய், இந்த டேபிள் வேண்டாம், இடது பக்கம் மூன்றாவது வரிசையில் நல்லது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவார். அவர்களும் எழுந்து போவார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கேசினோவையே மூடிவிட்டு வந்தவர் போல இருப்பார்.

கடைசியில் வண்டி டவுன்டவுனுக்குப் போகும். ஃப்ரீமான்ட் தெருவில் 1941இல் திறந்த எல் கோர்டெஸ், ஒற்றைக் கட்டில் ரெண்டுக்கு மூணு கொடுப்பதற்குப் பெயர் போனது. அங்கே இவரைப் போல இன்னும் பல ரெண்டுக்கு மூணு அண்ணன்கள், பல தேசத்தவர்கள், கையைப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருப்பார்கள். இடம் கிடைக்காது. வேறொரு கேசினோவில் ஆறு கட்டு, 15 டாலர் மினிமம், விதிகள் ஏறக்குறைய எல்லாம் பொருந்தி, ஒரு நாற்காலியும் காலியாக இருக்கும். உட்காருவார். எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பசியில்.

உட்கார்ந்தபின் ஆட்டம் என்னவோ பிரமாதம்தான். தயக்கமே கிடையாது, புத்தகம் சொன்னபடி கை அசையும். ஒரு மணி நேரத்தில் எண்பது தொண்ணூறு டாலர் முன்னால் சேர்ந்துவிடும். பக்கத்தில் ஆடுகிறவர்கள் ஜெயிக்கும்போதெல்லாம் ஒரு சிப்பை டீலர் பக்கம் தள்ளுவார்கள். டீலர் அதை டேபிளில் டக்கென்று தட்டி நன்றி சொல்லி, பெட்டிக்குள் போடுவார். அந்த 'டக்' கேட்கும்போதெல்லாம் அண்ணன் கூரையைப் பார்ப்பார்.

டிப்ஸ் ஏன் தரவில்லை என்று கேட்டால் கணக்கு வரும். 15 டாலர், மணிக்கு 70 ஆட்டம், அரை சதவீதம். ஆக எதிர்பார்க்கும் நஷ்டம் மணிக்கு 5 டாலர் 25 சென்ட். டீலருக்கு மணிக்கு இரண்டு டாலர் கொடுத்தால் அது 7.25. செலவு 38 சதவீதம் எகிறிவிட்டது. இவ்வளவு நடந்து தேடிய அரை சதவீதம் 0.69 ஆகிவிட்டது. சரி, கையில் கொடுக்காமல் டீலர் பேரில் ஒரு டாலர் பந்தயம் வைக்கலாமே, ஜெயித்தால் அவருக்கு இரண்டாகக் கிடைக்குமே? "அதுலயும் கேசினோவுக்கு அரை சதவீதம் போகுது. அந்தம்மாவோட காசை நான் ஏன் கேசினோவுக்குக் கொடுக்கணும்?" எவ்வளவு அக்கறை பாருங்கள்.

இன்னும் உண்டு. சில மாநிலங்களில் டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே போதும். நெவாடாவில் அப்படிக் குறைக்க முடியாது, முழு குறைந்தபட்ச ஊதியம் 12 டாலர் கொடுத்தாக வேண்டும். ஆகவே கொடுக்க அவசியமில்லை. பெரும்பாலான கேசினோக்களில் டிப்ஸை எல்லா டீலர்களுக்கும் பொதுவில் பிரிக்கிறார்கள், "என் ஒரு டாலர்ல இந்தம்மாவுக்கு ஒரு சென்ட் கூடப் போகாது." 2006இல் வின் கேசினோவில் மேற்பார்வையாளர்களுக்கும் அதில் பங்கு என்று நிர்வாகம் அறிவித்து, அதன்மேல் வந்த வழக்கு வருஷக்கணக்கில் இழுத்த கதையும் வரும். 2025 வரிச் சட்டத்தில் டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரை கழித்துக்கொள்ளச் சலுகை வந்துவிட்டது. சூதாட்ட நஷ்டத்தில் மட்டும் 2026 முதல் 90 சதவீதம்தான் கழிக்கலாம். "அவங்களுக்குச் சலுகை, எனக்கு வெட்டா?" கழிக்கிற அளவுக்கு அண்ணன் தோற்றதுமில்லை, ஜெயித்ததுமில்லை.

அண்ணே, உங்கள் கணக்கெல்லாம் சரிதான். அந்த அம்மா ராத்திரி முழுக்க நின்றுகொண்டு, தோற்றவன் விடுகிற சிகரெட் புகையையும் சாபத்தையும் முகத்தில் வாங்கிக்கொண்டு சீட்டுப் போடுகிறார். டேபிளை விட்டுப் போகும்போது, எதையும் எடுக்கவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். 12 டாலர் கூலியில் அந்த ஊரில் வாடகை வராது. டிப்ஸில்தான் குடித்தனம் நடக்கிறது. டிப்ஸ் என்பது கேசினோ தன் செலவை உங்கள் தலையில் கட்டுகிற தந்திரம் என்கிறீர்கள். இருக்கட்டும். அந்தத் தந்திரத்துக்குக் கேசினோவைப் பழிவாங்க, அந்த அம்மாவின் டாலரை ஏன் பிடித்து வைக்க வேண்டும்? ஊரில் இருக்கிற அத்தனை டேபிளிலும் நின்று, அத்தனை டீலர்களிடமும் விதி கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். நீங்கள் கன்சல்டன்ட். க்ளையன்ட் போனில் "ஒரு சின்ன டவுட்" என்றால் கால் மணி நேரத்துக்குப் பில் போடுகிறவர். ஒரு ராத்திரிக்கு ஐம்பது டாலர் அளவுக்கு ரிசார்ட் ஃபீஸ் என்று அறை வாடகைக்கு மேல் பிடுங்குகிறார்கள், அதை வாயைத் திறக்காமல் கட்டுகிறீர்கள். இங்கே ஒரு டாலருக்குச் சட்டம் பேசுகிறீர்கள். பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.

இதை நேரில் சொல்ல முடியவில்லை. வண்டிச் சாவி அவரிடம். அண்ணன் வீட்டு அக்காதான் ஒருநாள் சொன்னார். "ஏங்க, இந்தம்மா எவ்வளவு நிதானமா, பேசிக்கிட்டே போடுறாங்க. ஒரு சிப்பு வைங்களேன்."

பெயர்ப்பட்டையில் பிலிப்பைன்ஸ் என்று ஊர் போட்டிருந்த அந்த டீலர், நிஜமாகவே மெதுவாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பேரன் படத்துக்கும் எங்கள் ஊர் வெயிலுக்கும் இடையில் எப்போதாவது ஒரு சீட்டு. 'நிதானம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணன் கண் ஒரு மாதிரி ஆயிற்று. வாய் முணுமுணுத்தது. மணிக்கு 70 ஆட்டத்துக்குப் பதில் 50. இருபது ஆட்டம் குறைவு. ஆட்டத்துக்கு 15 டாலர், அரை சதவீதம். மணிக்கு ஒன்றரை டாலர் மிச்சம்! இந்தப் பெண்மணிக்கு மணிக்கு ஒரு டாலர் கொடுத்தாலும், கொடுத்த பிறகும், தனக்கு ஐம்பது சென்ட் லாபம்.

வெள்ளை சிப் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். தள்ளினார். டீலர் டக்கென்று தட்டி, "தேங்க் யூ, ஸ்வீட்ஹார்ட்!" என்று வாய் நிறையச் சிரித்தார். டேபிளே கைதட்டியது. அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கர்ணன் தெரிந்தார்.

பத்தே நிமிஷம். கிடைத்த உற்சாகத்தில் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, சீட்டை மின்னல் வேகத்தில் போட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். மணிக்கு 80க்குக் குறையாது என்று தெரிந்ததும் சிப்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கப்பா. எதிர்த்தாப்புல ஒரு இடம் இருக்கு. பார்த்துட்டு உட்காரலாம்."