தட்டு வாங்கலாமா?

கேள்வி: புதிதாக வரும் இசைத்தட்டுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவது தகுமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: காதுக்காக என்றால் யோசியுங்கள்; ஆசைக்காக என்றால் வாங்குங்கள். இன்று அச்சாகும் தட்டுகளில் பல, டிஜிட்டல் பதிவிலிருந்தே வெட்டப்படுபவை. ‘சுத்த அனலாக்’ என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டியின் தட்டுகள் பலவற்றிலும் டிஜிட்டல் கலந்திருந்தது 2022-ல் அம்பலமானது.

தட்டோடு செலவும் நிற்காது. டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், தேய்ந்தால் புது ஊசி... சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அதைவிடப் பெரிய எதிரி உங்கள் ஊர் வெயில். தட்டு செய்யும் வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்தான். சித்திரை மாதம் காருக்குள் தட்டை விட்டுவிட்டுத் திருச்சுழி கோயிலுக்குள் போய் வந்தால், அது அப்பளமாய் நெளிந்திருக்கும். கரிசல் தூசி வேறு, பள்ளத்தில் புகுந்து பாடகரோடு சேர்ந்து கரகரக்கும். உறையிலிட்டு, நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.

பணம் போதாதென்றால் பழைய மைக்செட்காரர் வீட்டுப் பரணை விசாரியுங்கள். கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கரில் முழங்கிய தட்டுகள் அங்கே கிடக்கலாம். விலை மலிவு, கீறல் இலவசம்.