மணல் போன ஆறும் மறுபடி வந்த நாவலும்

திருவனந்தபுரத்துக் கரமனையில் அப்போதெல்லாம் வாரப் பத்திரிகைக்கு ஆயுள் ஒரு வாரம் மட்டும் இல்லை. வாங்கிய வீட்டில் இரண்டு நாள், பக்கத்து வீட்டில் இரண்டு நாள், அப்புறம் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வீடு என்று ஊர் சுற்றிவிட்டு அட்டை கிழிந்து திரும்பி வரும். வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்துத் தனியே அடுக்கி வைப்போம். கதை முடிந்ததும் அந்தக் கட்டு பைண்டிங்குக்குப் போகும்.

கரமனைப் பாலத்திலிருந்து கிள்ளிப்பாலம் வழியாக ஆரியசாலைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு சந்துக்குள் பைண்டர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் பசை காய்ச்சுவதைப் பார்ப்பதற்காகவே நான் கூடப் போவேன். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருப்பார். இறக்கும் நேரத்தில் மயில்துத்தத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை போடுவார். பூச்சி வராது என்பார். பசை லேசாக நீலம் பாயும். மூன்று இடத்தில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலைக் கோத்து இழுத்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டி, ஓரத்தைக் கத்தியால் சீவுவார். சீவும்போது சில பக்கங்களில் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விடும். போன எழுத்தை வாசிக்கிறவர் மனசிலேயே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய எழுத்துக்கு அன்று மறுவாழ்வு கொடுத்தது அந்த நீலப் பசை. வாரா வாரம் காத்திருந்து படித்தவர் ஒரு கதையைப் படித்தார் என்றால், பைண்டு செய்த கட்டை ஒரே மூச்சில் படித்தவர் வேறு ஒன்றைப் படித்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களை வாரக்கணக்கில் தவிக்க வைத்த திருப்பங்கள், கட்டாகப் படித்த எங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே அவிழ்ந்துவிட்டன. ஆனால் அவர்கள் கவனிக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. ஒரு பாத்திரம் எப்படி மெல்ல மெல்ல மாறுகிறது என்பது ஒரேயடியாகப் படிக்கும்போதுதான் தெரிந்தது. கதை பழையதாகி, இடம் மாறி, வடிவம் மாறியதால்தான் அது கிடைத்தது. இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த ஆரியசாலைப் பக்கத்துச் சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டு கதை எழுதியவர்தான் ஆ. மாதவன். ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் உருவான கம்போளம் அது. சுமடு தூக்குகிறவர்களும் பொறுக்கிகளும் தரகர்களும் தெருநாய்களும் அவர் கதைகளுக்குள் நேராக நடந்து வந்தார்கள். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டு எழுதினார் நீல. பத்மநாபன். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு எழுதினார் நகுலன். 1968இல் நகுலன் 'குருக்ஷேத்ரம்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' வெளிவந்தது. 1974இல் மாதவனின் 'புனலும் மணலும்'. ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில், இவ்வளவும் நடந்தது.

நடந்தபோது ஊருக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நாகர்கோவில் அந்தப் பக்கம் போயிற்று. திருவனந்தபுரத்துத் தமிழர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று ஆனது. எழுதுகிறவர்கள் இங்கே இருந்தார்கள். அச்சகமும் விற்பனையும் வாசகரும் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால். சென்னையில் விமர்சனம் வந்தால்தான் கரமனையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "அட, நம்ம சாலைக் கடைக்காரரா!" என்பார்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். மேடையில் நடிப்பதற்காக இல்லாமல் படிப்பதற்காகவே எழுதப்பட்ட கவிதை நாடகம். ஐந்து அங்கங்களையும் முழுக்கப் படித்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதன் தொடக்கத்தில் உள்ள வாழ்த்திலிருந்து எடுத்த பகுதியை 1970இல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அதுவே மாநிலப் பாடல் ஆனது. திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டதைத் தமிழ்நாடு முழுக்க எழுந்து நின்று பாடுகிறது. அதை எழுதிய ஊரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பாட்டின் முதல் அடி தெரியாது. ஒரு பெரிய படைப்பிலிருந்து ஒரு சின்னப் பகுதி பிரிந்து தனியே நடக்கத் தொடங்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதி வாசகரை மறுபடி நாடகத்திடம் கூட்டி வரவில்லையே என்ற வருத்தமும் கூடவே இருக்கிறது.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். அகஸ்தியமலைப் பக்கம் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தங்கி, நகரத்துக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு, கோவளத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது கரமனை ஆறு. சின்ன வயதில் நாங்கள் பார்த்த ஆற்றில் மணல் வாருகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். மூழ்கி எழுந்து, குட்டை என்று நாங்கள் சொல்லும் கூடையில் அள்ளி, தண்ணீர் வடிய வடிய வள்ளத்தில் கொட்டுவார்கள். கரையில் குவித்த மணல் ஈரம் காயும் முன்பே விலை பேசப்பட்டுவிடும். அவர்கள் உள்ளங்கால் வெள்ளை வெளேரென்று ஊறிப்போயிருக்கும். 'புனலும் மணலும்' அப்படிப்பட்ட மனிதர்களின் நாவல். ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி, மனைவியின் முதல் மணத்தில் பிறந்த பங்கியின் மேல் வளர்க்கும் காரணமற்ற வெறுப்பு, அதைச் சுற்றி ஆறும் அதன் பிழைப்பும்.

அந்த மணல் இன்றைக்கு இல்லை. அள்ளி அள்ளி ஆறுகள் பள்ளமாகிப்போன பிறகு, 2001இல் கேரள சட்டமன்றம் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் வாருவதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் கொண்டுவந்தது. இப்போது வீடு கட்டுகிறவர்கள் பாறையை உடைத்து எடுத்த எம்-சாண்டில் கட்டுகிறார்கள். ஆறு மணலை இழந்தது. நாவலோ போய்விட்டது என்று நினைத்த இடத்திலிருந்து திரும்பி வந்தது. காலச்சுவடு பதிப்பகம் அதைக் கிளாசிக் வரிசையில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. 2010இல் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் தன் முதல் விருதை மாதவனுக்குக் கொடுத்தது. ஜெயமோகன் அவரைப் பற்றி 'கடைத்தெருவின் கலைஞன்' என்று ஒரு புத்தகமே எழுதினார். 2015இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. நாவலுக்கோ சிறுகதைக்கோ வரவில்லை, 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு வந்தது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார். 'தலைமுறைகள்' நாவலோ 2010இல் வ. கௌதமன் இயக்கத்தில் 'மகிழ்ச்சி' என்று படமாகி, புத்தகம் பிடிக்காதவர்களையும் எட்டியது.

மறுபதிப்பு மட்டும் வாசகரைக் கொண்டுவந்துவிடவில்லை என்பதை இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். "இந்த ஆளைப் படி, ஏன் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்" என்று ஒருவர் மனசோடு எழுதியபோதுதான் கைகள் நீண்டன. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பைண்டு கட்டைக் கொடுக்கும்போது, "மூணாம் அத்தியாயம் வரைக்கும் பொறுத்துக்கோ, அப்புறம் விடமாட்டே" என்பாள். இரண்டு பேரும் செய்த வேலை ஒன்றுதான்.

இன்றைக்கு எனக்குக் கைப்பேசியில் வந்து விழும் பழைய புத்தகங்களுக்குக் கணக்கில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாங்கள் பெயர் மட்டும் கேட்டிருந்த இதழ்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அந்த உழைப்புக்கு முன்னால் நான் கைகூப்புகிறேன். ஆனால் நண்பர்கள் குழுவில் ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களை பிடிஎஃப் ஆக அனுப்புகிறார், பத்து பேர் கைகூப்பும் படம் போடுகிறார்கள், ஒருவரும் திறப்பதில்லை. அன்று ஒரு பிரதிக்குப் பல வீடுகள் வரிசையில் நின்றன. இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நூலகம் மூடியபடியே கிடக்கிறது.

திறந்து பார்த்தாலும் தொல்லை உண்டு. 1978க்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்ததாக எனக்கு வந்த ஒரு கோப்பில் ஊர்ப் பெயரான கரமனையே பக்கத்துக்கு ஒரு விதமாகச் சிதைந்திருந்தது. அதைவிட மோசமானது, பிழை திருத்துகிறோம் என்று பேச்சைத் திருத்துவது. கம்போளம், சுமடு, வள்ளம் என்று மாதவன் எழுதியதைச் சந்தை, சுமை, படகு என்று யாரோ மாற்றிய ஒரு பிரதியும் என் கைக்கு வந்தது. பழைய எழுத்தைப் புதுப்பிக்கிறேன் என்று அதன் நாக்கை வெட்டக் கூடாது. சொல் புரியாது என்றால் பின்னால் ஒரு பக்கம் அருஞ்சொல் போடலாம். எப்போது எழுதியது, எந்த இதழில் வந்தது, அப்போது ஊர் எப்படி இருந்தது என்று முன்னால் ஒரு பக்கம் புதிதாக எழுதலாம். நடுவில் இருப்பதைத் தொட வேண்டாம்.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டில் சுத்தமாகத் தமிழ் பேசுவாள். ஒரு நாள் மேசையில் கிடந்த 'புனலும் மணலும்' அட்டையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆத்தைப் பத்தியா மாமா?" என்று கேட்டாள்.

"எடுத்துட்டுப் போய்ப் படியேன் மோளே."

"எழுத்துக் கூட்டித்தான் வரும் மாமா. ஒரு பக்கம் முடியறதுக்குள்ள கதை மறந்துபோகும். மலையாளத்துல இருந்தா ஒரே நாள்ல முடிச்சிருவேன்."

மாதவன் 'இனி ஞான் உறங்கட்டே' போன்ற மலையாளப் படைப்புகளை அக்கறையோடு தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ஊர்த் தமிழ்ப் பெண்ணுக்கு அவரைப் படிக்க மலையாளம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது நெஞ்சில் இறங்கியது. "சரி, நான் வாசிக்கேன், நீ கேளு" என்றேன்.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். அவள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள். தோழிகளுக்கு அனுப்பினாள். அவர்களில் இரண்டு பேர் நேரில் வந்தார்கள். ஒருத்தியின் தாத்தா மணல் வாரியவராம், அவரும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம் வாசித்து நிறுத்தினால், அவர் குட்டையை எப்படிச் சரித்துப் பிடிக்க வேண்டும், எந்தப் பருவத்தில் வந்து படியும் மணல் நல்ல மணல் என்று கையை ஆட்டிச் சொல்வார். நான் யோசித்து வைத்திருந்த அருஞ்சொல் பக்கத்தைவிட அவர் கை நன்றாக விளக்கியது. பதிவில் அவர் குரலையும் அப்படியே விட்டுவைத்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இப்போது அச்சுப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என் குரலோடு கூடவே கண்ணை ஓட்டுகிறாள். முன்னைவிட வேகமாக வருகிறது.

ஆனால் சண்டையும் வருகிறது. நான் இளவயதில் படித்தபோது இது அங்குசாமியின் நாவல். ஒரு மனிதனுக்குள் வெறுப்பு எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் எனக்குக் கதையாக இருந்தது. என் தலைமுறையில் நான் பேசிய எல்லாரும் அப்படித்தான் பேசினோம். இந்தப் பெண்கள் அங்குசாமியை ஓரம் தள்ளிவிட்டார்கள். "பார்க்க அழகில்லேன்னு ஒரு பிள்ளையை வீட்டுக்குள்ளேயே இப்படி வெறுக்கிறதை நீங்க எல்லாம் எப்படி மாமா அமைதியா படிச்சீங்க? அவ என்ன நினைச்சான்னு ஒருத்தர்கூட கேக்கலியா?" என்றாள் எங்கள் தெருப் பெண். பங்கி வரும் பக்கங்களை மட்டும் அடையாளம் வைத்து, மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பங்கி எங்கே பேசுகிறாள், எங்கே பேசாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மாதவன் கவனமாகவே வைத்திருக்கிறார். எல்லாம் 1974இலேயே பக்கத்தில் இருந்தது. கேட்பதற்கு ஆள் இவ்வளவு காலம் கழித்துத்தான் வந்திருக்கிறது.

அடுத்து 'தலைமுறைகள்' வாசிக்கலாம் என்பது என் யோசனை. அதற்கு முன்னால் பங்கியின் பக்கங்களை மலையாள எழுத்தில் எழுதி, தமிழாகவே படிக்கும்படி தோழிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். வள்ளத்தை வள்ளம் என்றே எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.